நெடுந்தீவுப் படகில் ஏறாத பரிசோதனை

எந்த லப்டொப் நல்லது என்று, இந்தத் தொழிலுக்கு வந்திருக்கும் இளைய தோழர்களே, நீங்கள் இன்னும் என்னிடம் கேட்கிறீர்கள். கடையை மூடிப் பல வருடமாகிவிட்டது. நீங்கள் சொல்லும் புதுமாதிரிகளின் பெயரே எனக்கு வாயில் நுழைவதில்லை. ஆனால் ஒரு மெசினைப் பார்த்து, "இது இவர்களுக்குச் சரி" என்று கையெழுத்துப் போடும் வேலை மாறவில்லை. அந்த வேலையைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் நான் அவசரப்பட்டுப் போட்ட ஒரு கையெழுத்தில் இருந்து வந்தது. அதைச் சொல்கிறேன். மெசினின் உள்விவரங்களை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள், அவற்றை விடுகிறேன்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஓரிடத்தில் இருக்கத் தெரியாதவன். தொண்ணூற்றாறில் ஊரைவிட்டுப் போய், மன்னாரில் ரேடியோ திருத்தினேன், புத்தளத்தில் உப்பளத்துப் பம்புக்கு வயர் இழுத்தேன், கொழும்பில் ஒரு கடையின் பின்னறையில் கொம்பியூட்டர்களைத் தூசு தட்டித் தட்டியே திருத்தவும் பழகினேன். சாப்பிடாத நாட்களும் இருந்தன. அந்தக் காலத்தில் எல்லாருக்கும் இருந்தன. சமாதானம் என்று சொன்ன காலத்தில் திரும்பி வந்து வேலணையில் ஒரு சின்னக் கடை போட்டேன். தீவுப்பகுதியில் கொம்பியூட்டர் பழுதானால் என்னிடந்தான் வரவேண்டும் என்ற நிலை. அது என் கெட்டித்தனத்தால் வந்ததல்ல. வேறு கடை இருக்கவில்லை.

2009ஆம் ஆண்டு, சோளகக் காற்று வீசிக் கடல் கொந்தளிக்கும் காலம். வெளிநாட்டில் இருக்கும் நம்மூர் ஆட்கள் சிலர் சேர்ந்து, தீவுகளில் உயர்தர வகுப்பில் படிக்கும் பிள்ளைகளுக்கு லப்டொப் வாங்கித் தருவதாக முன்வந்தார்கள். விலை குறைவாக இருக்கவேண்டும், பாரம் குறைவாக இருக்கவேண்டும். நயினாதீவிலும் நெடுந்தீவிலும் இருக்கிற பிள்ளை அதைத் தூக்கிக்கொண்டு படகு ஏறி, பஸ் ஏறி யாழ்ப்பாணம் போய் வரவேண்டும். அப்போதுதான் சின்ன லப்டொப்கள் வரத் தொடங்கியிருந்தன. எழுதுகிற கொப்பி அளவு, ஒரு கிலோ பாரம். மாதிரிக்கு இரண்டு அனுப்பினார்கள். ஊரில் அவர்களுடைய வேலைகளைப் பார்த்தவர் இளைப்பாறிய ஆசிரியர் ஒருவர். எல்லாரும் அவரை மாஸ்டர் என்போம். இரண்டையும் என் மேசையில் வைத்தார்.

"தம்பி, நல்லாப் பார். பாத்து ஒரு கடிதம் எழுதித் தா. நீ சரியெண்டால் வாங்குவினம், பிழையெண்டால் காசு வேற எங்கையும் போயிடும். அதையும் யோசிச்சுக்கொள்."

இரண்டு கிழமை பார்த்தேன். மேசையில் வைத்து, சுவரில் இருந்த பிளக்கில் போட்டு, மின்விசிறிக்குக் கீழே இருந்து பார்த்தேன். பற்றரி மூன்று மணித்தியாலம் நின்றது. எழுத்து சிறிதென்றாலும் வாசிக்கலாம். ஒரே ஒரு குறை, போட்டால் முழுதாக எழும்பி வர மூன்று நிமிடத்துக்கு மேல் எடுத்தது. மூன்று நிமிடத்தில் யாருக்கு என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்தேன்.

மற்றைய மாதிரியை ரெஜினாவிடம் கொடுத்தேன். அவர் நெடுந்தீவில் தொண்டர் ஆசிரியை. கடலுக்குப் போகிற குடும்பம். ஐந்து வருடமாகச் சம்பளமென்று சொல்லக்கூடிய ஒன்று இல்லாமல் படிப்பித்துக்கொண்டு, யாழ்ப்பாணத்தில் தபால்மூல டிப்ளோமா ஒன்றும் செய்துகொண்டிருந்தார். கடைசி ஆய்வறிக்கை மட்டும் மிச்சம். அதைக் குறித்த நாளில் கொடுத்தால் டிப்ளோமா. டிப்ளோமா இருந்தால் அந்த வருட நிரந்தர ஆசிரியர் நியமனப் பட்டியலில் பெயர் வரும். தவறினால் இன்னொரு வருடம், அல்லது வயது கடந்து ஒருபோதும் இல்லை. தட்டச்சு செய்ய அவரிடம் மெசின் இல்லை, எனக்குப் படகில் போய் வருகிற ஒருவர் பாவித்துப் பார்க்க வேண்டும். இருவருக்கும் பொருந்தியது.

முதல் தரம் யாழ்ப்பாணம் போய் வந்த பிறகு ரெஜினா கடைக்கு வந்தார்.

"அண்ணை, உங்கட மெசின் நல்லம். ஆனால் குறிகட்டுவானிலை என்னை வெக்கப்படுத்திப் போட்டுது."

"என்ன நடந்தது?"

"சென்றியிலை போட்டுக் காட்டச் சொன்னவை. நான் போட்டன். அது வருது வருது, வந்துகொண்டே இருக்குது. எனக்குப் பின்னாலை முழுப் படகும் நிக்குது. ஒரு மனிசி, 'பிள்ளை, உது கண்டறியாத மெசின், அடுப்பு மூட்டினாலும் இதுக்குள்ளை சோறு வெந்திருக்கும்' எண்டுது. பஸ்ஸும் போட்டுது."

அந்தக் காலத்தை அறியாத உங்களுக்காகச் சொல்கிறேன். படகால் இறங்கும் குறிகட்டுவான் துறையிலும் பாலங்களிலும் சென்றி, அதாவது ஆமியின் சோதனைச் சாவடி, இருந்தது. ரேடியோ, கமரா, லப்டொப் எதுவென்றாலும் போட்டுக் காட்டவேண்டும். வேலை செய்தால் அது அந்தப் பொருள்தான். வேலை செய்யாவிட்டால் அது என்னவென்று யாருக்குத் தெரியும்? விட்டுவிட்டுத்தான் போகவேண்டும்.

எனக்கு அது சின்ன விசயமாகப் பட்டது. ரெஜினாவின் மெசினை வாங்கி, மூடியை மூடினாலும் நிற்காதபடி மாற்றிக் கொடுத்தேன்.

"இனி நிப்பாட்டாதையும். போட்டபடியே மூடிக்கொண்டு வாரும். திறந்த உடனை படம் தெரியும்."

"பற்றரி இறங்காதோ?"

"மூண்டு மணித்தியாலம் நிக்கும். படகு ஒரு மணித்தியாலம்தானே."

ரெஜினா சிரித்துக்கொண்டு போனார். நான் அன்றே மாஸ்டருக்குக் கடிதத்தை எழுதிக் கையெழுத்தும் வைத்தேன். பொருத்தமானது என்று எழுதினேன். அவர் அதை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அனுப்புவதற்கு ஒரு கிழமை இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தக் கிழமைக்குள்தான் ரெஜினா அறிக்கை கொடுக்கவேண்டிய நாள் வந்தது. பகல் பதினொன்றேகால் இருக்கும். குறிகட்டுவான் தேத்தண்ணிக் கடைப் போனில் இருந்து அழைத்தார்.

"அண்ணை, மெசின் செத்துப்போச்சு. சென்றியிலை விடமாட்டினமாம். வைச்சிட்டுப் போகட்டாம். மூண்டு மணிக்குக் குடுக்கவேணும்."

குரலில் அழுகை இல்லை. நெடுந்தீவு ஆட்கள் கடலில் ஏதும் நடந்தாலும் இப்படித்தான் சொல்வார்கள், நடந்ததை வரிசையாக.

"வேற எதிலையும் பதிஞ்சு வைச்சிருக்கிறீரோ?"

"எதிலை அண்ணை பதியிறது?"

ஒரு பென்ட்ரைவ் கூடக் கொடுத்துவிடவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கடையை அப்படியே விட்டுவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தேன். புங்குடுதீவுப் பாலத்தில் காற்று வண்டியைப் பக்கமாகத் தள்ளியது. அந்தக் காற்றில்தான் படகும் வந்திருக்கிறது. காலையில் புறப்படவேண்டிய படகு, கடல் அடங்கட்டும் என்று இரண்டு மணித்தியாலம் துறையிலேயே நின்றுவிட்டு வந்ததாம்.

போய்ப் பார்த்தபோது ரெஜினா சென்றிக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடை மர வாங்கில் மெசினை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். அது இன்னும் பொலித்தீன் பைக்குள் இருந்தது. ஒன்றல்ல, மூன்று பைகள். ஒவ்வொன்றுக்கும் இறுக்கமான முடிச்சு.

சோளகக் காலத்தில் நெடுந்தீவுப் படகில் ஏறுகிறவர்கள் எதையும் இப்படித்தான் கொண்டுவருவார்கள். ஞானஸ்நான அத்தாட்சி, அரிசி, கல்யாணச் சேலை எல்லாவற்றுக்கும் மூன்று பொலித்தீன், மூன்று முடிச்சு. கடல் தண்ணீர் பட்ட பொருள் பிறகு பாவிக்க உதவாது. இது எனக்குத் தெரியாததா? நானே எத்தனை ரேடியோவை அப்படிச் சுற்றிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு மெசினைப் போட்டபடியே மூடிக்கொண்டு வாரும் என்று சொன்னபோது, அந்த மூன்று பையும் என் நினைவுக்கு வரவில்லை. மேசையில் பை இருக்கவில்லை.

முடிச்சை வெட்டித் திறந்தேன். உள்ளேயிருந்து ஒரு சூடு முகத்தில் அடித்தது. பையின் உட்பக்கம் முழுவதும் வியர்வை. மூன்று மணித்தியாலத்துக்கு மேல் உள்ளுக்குள்ளேயே ஓடி, வெந்து, வெளியில் கடல் தண்ணீர் அடித்துக் குளிர, உள்ளே ஈரம் சொட்டாக நின்றிருக்கிறது. விசைகளுக்கிடையில் விரலால் தடவினால் நனைந்தது.

சுற்றிவர ஆட்கள் கூடிவிட்டார்கள். கடைக்கார அக்கா சுவரில் இருந்த பிளக்கைக் காட்டினாள்.

"தம்பி, அதிலை குத்திப் பார். பற்றரி இறங்கினதுதானே."

"ஓம், குத்துங்கோ," என்றார் ரெஜினாவும். "பன்னிரண்டேகாலுக்கு பஸ். அதை விட்டால் பிறகு இரண்டு மணிக்குத்தான்."

இளைய தோழர்களே, அந்த இடத்தைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். என் கையில் சார்ஜர் இருக்கிறது. பிளக் இரண்டு முழத்தில் இருக்கிறது. பஸ் சாரதி ஹோர்ன் அடிக்கிறான். எல்லாரும் செய் செய் என்கிறார்கள். செய்தால் ஒருவேளை வேலை செய்யும். ஆனால் ஈரத்தோடு கரண்ட் போனால் உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகை எரிந்துபோகும். அந்த மாதிரியில் டிஸ்க் தனியாகக் கழற்றும்படி இல்லை, பலகையோடு ஒட்டியது. பலகை போனால் அறிக்கையும் போகும்.

"குத்தமாட்டன்," என்றேன்.

"ஏன்?"

"உள்ளை தண்ணி. காயவேணும்."

"எவ்வளவு நேரம்?"

"ஒரு மணித்தியாலம்."

ரெஜினா என்னைப் பார்த்தார். "ஒரு மணித்தியாலம் ஒண்டும் செய்யாமல் இருக்கிறதோ?"

"ஓம்."

"அண்ணை, உங்களுக்கு அது மெசின். எனக்கு அது ஐஞ்சு வருசம்."

"அதுக்காகத்தான் சொல்லுறன்."

பஸ் போனது. ரெஜினா அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் பற்றரியைக் கழற்றினேன், அடிமூடியின் ஆணிகளைக் கழற்றினேன். சென்றியில் நின்ற ஆமிப் பெடியன் வந்து எட்டிப் பார்த்தான். இருபது வயது இருக்கும். கொஞ்சம் தமிழ் பேசுவான்.

"உள்ள என்ன ஐயா?"

"பாரும் தம்பி. தண்ணியும் வயரும்தான்."

குனிந்து வடிவாகப் பார்த்தான். "சரி. இனி நான் சந்தேகம் இல்லை. கொண்டு போங்க."

ரெஜினா எழும்பினார். நான் இருக்கச் சொன்னேன். இவன் விடுவான், ஆனால் இன்னும் மூன்று சென்றி இருக்கிறது. அங்கேயெல்லாம் ஆணி கழற்றிக் காட்ட ஏலாது. அதோடு சென்றி விட்டாலும் ஈரம் விடாது.

கடைக்கார அக்கா தன் அரிசி புடைக்கும் சுளகைத் தந்தாள். அடுப்பில் இருந்து ஒரு முழம் தள்ளி, காற்றுப் படாத மூலையில் அதில் மெசினை விரித்து வைத்தேன். வெளியே நல்ல காற்றுத்தான், ஆனால் அது உப்புக் காற்று. ஒரு பழைய பருத்தி வேட்டித் துண்டால் ஒற்றி எடுத்தேன். பிறகு செய்ய ஒன்றுமில்லை. உங்களில் எத்தனை பேரால் அப்படி இருக்க முடியும் என்று தெரியாது. எனக்குக் கை அரித்துக்கொண்டே இருந்தது. என் வாழ்க்கையில் ஓரிடத்தில் ஒரு மணித்தியாலம் சும்மா இருந்தது அன்றைக்குத்தான்.

"என்னத்தைப் பற்றி எழுதினனீர்?" என்று கேட்டேன், அந்த நேரத்தைக் கழிக்க.

"பெடியள் ஏன் எட்டாம் வகுப்போடை பள்ளிக்கூடம் விடுகினம் எண்டு."

"என்னட்டைக் கேட்டிருக்கலாமே."

"நீங்களும் எட்டோ? ஏன் விட்டனீங்கள்?"

"வகுப்பிலை யன்னல் பெரிசு. றோட்டுத் தெரிஞ்சது."

அன்று முதல் தடவையாகச் சிரித்தார். "அப்பிடியொரு காரணம் என்ரை அறிக்கையிலை இல்லை அண்ணை."

அந்தப் பெடியன் தன் காவல் முடிந்தும் போகவில்லை. தன் ஊரில் தங்கச்சி ஒருத்தி பரீட்சைக்குப் படிப்பதாகச் சொன்னான். நாங்கள் மூன்று பேரும் ஒரு சுளகைப் பார்த்துக்கொண்டு இருந்தோம்.

ஒன்றேகாலுக்கு ஆணிகளைப் பூட்டினேன். பற்றரியைப் போடாமல் சார்ஜரை மட்டும் குத்தினேன். பச்சை வெளிச்சம் வந்தது. பிறகு அந்த மூன்று நிமிடம். யாருக்கு என்ன வந்துவிடப் போகிறது என்று நான் நினைத்த அதே மூன்று நிமிடம். திரை கறுப்பு, பிறகு எழுத்து, பிறகு மீண்டும் கறுப்பு. கடைக்கார அக்கா தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வைத்தபடியே நின்றாள். படம் வந்தது. ரெஜினா அறிக்கையைத் திறந்தார். எல்லாப் பக்கங்களும் இருந்தன.

என் சட்டைப் பையில் ஒரு பென்ட்ரைவ் இருந்தது. புறப்படும்போது மறக்காமல் எடுத்திருந்தேன். அறிக்கையை முதலில் அதில் பதிந்தேன். பிறகு பற்றரியைப் போட்டு அரை மணித்தியாலம் சார்ஜ் ஏற்றினோம், வழிச் சென்றிகளில் காட்டவேண்டுமே. மோட்டார் சைக்கிளில் ரெஜினா பின்னால், மெசின் அவர் மடியில், எந்தப் பையும் இல்லாமல். மூன்று சென்றியிலும் போட்டுக் காட்டினோம். ஒவ்வொன்றிலும் மூன்று நிமிடம். யாழ்ப்பாணத்தில் அச்சடித்து முடித்தபோது மூன்று மணி தாண்டிவிட்டது. அலுவலக வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தியபோது மூன்றேகாலும் தாண்டி நின்றது.

அறிக்கைகளைப் பொறுப்பெடுக்கும் அம்மா கைப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். ரெஜினா அறிக்கையை நீட்டினார். மணிக்கூடு சுவரில் இருந்தது.

அந்த அம்மா முதற்பக்கத்தைப் பார்த்தார். "நெடுந்தீவோ?"

"ஓம் அம்மா."

"படகு பிந்தியோ வந்தது?"

"ஓம்."

கைப்பையைக் கழற்றி மேசையில் வைத்தார். மேசை லாச்சியைத் திறந்து முத்திரையை எடுத்தார். "தீவாக்களுக்கு நாங்கள் நாலு மணி மட்டும் பாக்கிறது. அறிவித்தலிலை போடேலாது, ஆனால் பாக்கிறது." முத்திரையைக் குத்திவிட்டு ரெஜினாவை நிமிர்ந்து பார்த்தார். "ஏன் பிள்ளை நிக்கிறீர்? இருந்து கொஞ்சம் தண்ணி குடியும்."

அப்போதுதான் ரெஜினா அழுதார்.

எனக்கு அந்த அலுவலகக் கதிரையில் இருந்தபடி ஒன்று விளங்கியது. மூன்று மணி என்று எழுதியவர்களுக்கே படகு நினைவில் இருந்திருக்கிறது. படகுக்காரருக்கென்று மெசின் பார்த்த எனக்கு இருக்கவில்லை.

மாஸ்டரிடம் போய் என் கடிதத்தைத் திருப்பிக் கேட்டேன். அவருக்குக் கோபம் வந்தது.

"சரியெண்டு சொன்னது நீதானே? இப்ப பிழையெண்டால் அவையள் என்னை என்ன நினைப்பினம்? பிள்ளையளுக்கு ஒண்டும் வராமல் போனால் நீ பதில் சொல்லுவியோ?"

"பிழையெண்டு சொல்லேல்லை மாஸ்டர். நான் இன்னும் பாக்கேல்லை எண்டு சொல்லுறன். நாலு நாள் தாங்கோ."

கடிதத்தைத் தந்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டு தந்தார்.

அந்த நாலு நாளில் செய்தது பெரிய வேலை இல்லை. மெசின் எழும்பும்போது தேவையில்லாமல் கூட எழும்பும் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். ஒரு நிமிடத்துக்குள் வந்தது. மூடினால் நிற்கும்படி பழையபடி மாற்றினேன். பிறகு ரெஜினா கடைக்கு வந்தபோது, உம்முடைய படகில் எப்படிக் கொண்டுபோனால் சரி என்று கேட்டேன். இரண்டு கிழமைக்கு முன்னால் கேட்டிருக்கவேண்டிய கேள்வி.

கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னார். "பொலித்தீன் இல்லாமல் ஏலாது அண்ணை. அப்ப பற்றரியைக் கழட்டி வேற பையிலை கொண்டுவந்தால் என்ன? உயிர் இல்லாட்டில் வேகாதுதானே. துறையிலை வந்து பூட்டிப் போட்டால் சரி."

மறுநாள் நானும் படகில் நெடுந்தீவு போனேன். மெசின் ஒரு பையில், பற்றரி இன்னொரு பையில், எல்லாவற்றுக்கும் மூன்று பொலித்தீன். திரும்பி வரும்போது ரெஜினாவும் வந்தார். கடல் முழங்கால்வரை நனைத்தது. குறிகட்டுவானில் முடிச்சுகளை அவிழ்த்து, பற்றரியைப் பூட்டிப் போட்டோம். எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்களுக்குத் திட்டத் தொடங்கவும் நேரம் கிடைக்கவில்லை.

தேத்தண்ணிக் கடை வாங்கில் இருந்து புதுக் கடிதத்தை எழுதினேன். இதே மெசின்தான், இந்த இந்த மாற்றத்தோடு, ஒவ்வொரு பிள்ளைக்கும் கொண்டுபோகும் முறையைக் காட்டிக் கொடுத்த பிறகு. என் பெயரை எழுதி, தாளை ரெஜினாவின் பக்கம் தள்ளினேன்.

"நான் ஏன் அண்ணை?"

"கையெழுத்து வையும். கீழை 'பரிசோதித்தவர்' எண்டு எழுதும்."

"அப்ப நீங்கள் ஆர்?"

"நான் மேசைக்காரன்."

ரெஜினா பேனையை வாங்கி, நனைந்த கையைச் சட்டையில் துடைத்துவிட்டு, தன் முழுப் பெயரையும் எழுதினார். அதற்குக் கீழே தொண்டர் ஆசிரியை என்று எழுதத் தொடங்கி, நிறுத்தினார். பிறகு "தொண்டர்" என்பதை மட்டும் ஒரு கோட்டால் வெட்டிவிட்டு, ஆசிரியை என்று முடித்தார்.

நியமனக் கடிதம் வர இன்னும் ஐந்து மாதம் இருந்தது. நான் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.